இருவர் தேவை

அந்தப் பையின் மேல் வெள்ளைப் பெயின்ட்டால் பெரிதாக எழுதியிருந்தது: "இருவர் தேவை." எழுதினவர் பழைய சொந்தக்காரர். காருக்குப் பின்னால் பூட்டி இழுத்துப்போகிற வீட்டு வண்டியான கேரவனின் பக்கவாட்டில் மாட்டுகிற முன்கூடாரம் அதற்குள் இருந்தது. துணியும், கம்பிகளும், முளைகளுமாக ஒரு ஆள் கனம். தபால் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து நோரீன் ஹார்க்கர் அதை வாங்கப் போனபோது, அந்தக் கிழவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ரெண்டு பேர் இருக்கீங்கல்ல என்று கேட்டார். நோரீன், ஆமாம், நாங்க ரெண்டு பேர்தான் என்றாள். அதில் பொய் இல்லை. வீட்டில் ரெண்டு பேர்தான்.

ஒருவர் அவள். இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் பத்தொன்பது வருடம் உருளைக்கிழங்கு மசித்தவள், வயது ஐம்பத்தேழு. இன்னொருவர் அவள் புருஷன் டெஸ். கேரவன் செய்கிற தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் இருந்தவன். இந்த முன்கூடாரத்தை மாட்டுவதற்கென்றே கேரவனின் பக்கவாட்டில், தரைக்குக் கொஞ்சம் மேலே தொடங்கி, கூரை ஓரமாக ஓடி, மறுபக்கம் இறங்குகிற ஒரு அலுமினியக் காடி, அதாவது ஒரு நீளப் பள்ளம், இருக்கும். அதைத் திருகாணி போட்டு முடுக்குவதுதான் அவன் வேலை. சாலையில் எந்தக் கேரவன் முந்திக்கொண்டு போனாலும், நான் போட்ட காடி போகுது பார் என்பான். பிறகு நரம்பு நோய் வந்தது. முதலில் கையிலிருந்து திருகாணி நழுவியது, அடுத்து கோப்பை நழுவியது, அப்புறம் கால் அவன் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. நோய் வந்து பதினோரு வருடம். சக்கர நாற்காலிக்கு வந்து ஆறு.

அவர்களிடமும் ஒரு சின்னக் கேரவன் இருந்தது. ஆறு வருடமாக வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு கிடந்தது. அதன் கதவைவிட நாற்காலி மூன்று அங்குலம் அகலம். மூன்றே அங்குலம்! அந்த மூன்று அங்குலத்துக்காக ஆறு வருடம் கடலைப் பார்க்காமல் இருந்தார்கள். டெஸ்ஸை முன் அறையின் ஜன்னலோரத்தில் உட்கார வைத்தால் அவனுக்குத் தெரிவது எதிர்வீட்டுக் குப்பைத்தொட்டி. போன குளிர்காலத்தில் ஒரு நாள் அவன், அந்தத் தொட்டிக்கு மூடி மாத்திட்டாங்க என்று ஒரு செய்தி மாதிரிச் சொன்னான். நோரீனுக்கு அது நெஞ்சில் குத்திவிட்டது. அதற்கு மறுவாரம்தான் கண்ணாடியில் அந்தச் சீட்டைப் பார்த்தாள். கதவுக்குள் போக முடியாவிட்டால் என்ன, கதவுக்கு வெளியே ஒரு அறை கட்டிவிடலாமே. புல் தரை, மடக்குக் கட்டில், மேலே கூடாரம். அவன் அங்கே படுப்பான். அவள் கேரவனுக்குள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு படுப்பாள். கடல் முப்பது கெஜத்தில்.

மே மாதக் கடைசி விடுமுறை வாரத்துக்கு, கடலோரத்தில் கேரவன்கள் வரிசையாக நின்று தங்குகிற கரைமேட்டு மைதானம் ஒன்றில் இடம் சொல்லி வைத்தாள். சனிக்கிழமை காலையில் டெஸ்ஸைக் குளிப்பாட்டி, உடுத்தி, காரில் ஏற்றி, கேரவனைக் கொக்கியில் பூட்டி, தானே ஓட்டிக்கொண்டு வந்து, தானே கழற்றி, தானே நாலு மூலைக்கும் முட்டுக் கொடுத்து நிமிர்ந்தபோது மணி பன்னிரண்டு. முதுகு விட்டுப் போயிருந்தது. கடலிலிருந்து நாலு மணிக்கு மழை ஏறும் என்று ரேடியோ சொல்லியிருந்தது. அதற்குள் கூடாரம் நின்றால் டெஸ்ஸுக்கு ஒரு வாரம் கடல். நிற்காவிட்டால் அவனைப் படுக்க வைக்க இடம் இல்லை. அன்று சாயங்காலமே வீடு, ஜன்னல், குப்பைத்தொட்டி.

டெஸ்ஸைக் காரிலேயே விட்டாள். கார் மூக்கைக் கடலைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினாள். அவன் கடலைப் பார்க்கட்டும் என்பது ஒரு காரணம். அவன் தன்னைப் பார்க்க வேண்டாம் என்பது இன்னொன்று.

எங்கள் பக்கத்து ஜனங்களைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். புதிதாக ஒருவர் வந்து கூடாரம் மாட்ட ஆரம்பித்தால் அந்த வரிசை முழுவதும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்ளும். பிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொள்ளும். புருஷன் பெண்டாட்டி சண்டை எந்தக் கம்பியில் தொடங்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கும். ஆனால் யாரும் எழுந்து வர மாட்டார்கள். கூப்பிடாமல் போவது மரியாதை இல்லை. அடுத்தவருக்குத் தொந்தரவு ஆயிற்றே என்று இவர்களும் கூப்பிட மாட்டார்கள். இப்படி இரண்டு பக்கமும் மரியாதையைப் பிடித்துக்கொண்டு நிற்கும், நடுவில் ஒரு மனுஷி செத்தாலும் சரி. எனக்கு இதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். ஆனால் நானும் அப்படித்தான், சொல்லி என்ன.

பக்கத்துக் கேரவனில் டான்காஸ்டரிலிருந்து வந்த ஹெட்லி சக்டனும் அவர் மனைவி மேவிஸும். ஹெட்லி பேருந்தில் சீட்டுக் கிழித்து ஓய்வு பெற்றவர். இரண்டு பேரும் நல்லவர்கள். வேலை ஆரம்பித்த பத்தாவது நிமிஷம் மேவிஸ் வேலிப்பக்கம் வந்து, எல்லாம் சரியா இருக்கா கண்ணு என்று கேட்டாள்.

"சமாளிச்சுக்கறேன்," என்றாள் நோரீன். "ரொம்ப நன்றி."

அந்தச் 'சமாளிச்சுக்கறேன்' என்கிற ஒரு வார்த்தையால் அவள் பட்டது கொஞ்சநஞ்சம் இல்லை. மூன்று வருடத்துக்கு முன், வீட்டுக்கு உதவி ஆள் அனுப்புகிற ஒரு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் படிவத்தோடு வந்தாள். இரவில் எத்தனை தரம் எழுந்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் டெஸ்ஸைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். நோரீன் அதை அப்படியே சொல்லியிருக்கலாம். வந்தவளிடம் அழுது வடிவதா என்று, ரெண்டு மூணு தரம், சமாளிச்சுக்கறோம் என்றாள். டெஸ்ஸும் பக்கத்தில் உட்கார்ந்து, அவ நல்லா சமாளிப்பா என்றான். கடிதம் வந்தது. "தாங்கள் நன்றாகச் சமாளித்து வருவதால்" என்று தொடங்கியது. அதற்கு மேல் அவள் படிக்கவில்லை.

கூடாரத்தின் மேல் விளிம்பில் உள்ளே கயிறு வைத்துத் தைத்திருக்கும். அந்தத் தடித்த விளிம்பை அலுமினியக் காடியின் ஒரு முனையில் நுழைத்து, மேலே ஏற்றி, கூரையோரமாக இழுத்து, மறுமுனையில் இறக்க வேண்டும். பாவாடைக்கு நாடா கோக்கிற வேலைதான், பாவாடை பன்னிரண்டு அடி. ஒருவர் கீழே நின்று மடிப்பு விழாமல் ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொருவர் முன்னால் நின்று இழுக்க வேண்டும். நோரீன் இரண்டையும் தானே செய்தாள். முக்காலியில் ஏறி ஒரு முழம் இழுப்பாள். சிக்கும். இறங்கி வந்து சிக்கை எடுத்து ஊட்டுவாள். மறுபடி முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய் ஏறுவாள். வழுக்குவதற்காகக் கொண்டுவந்த மெழுகுவத்தித் துண்டு தேய்ந்து தேய்ந்து நகத்தளவு ஆகிவிட்டது. நடுவில் காருக்குப் போய் டெஸ்ஸுக்குத் தண்ணீர் கொடுத்து, சாய்ந்திருந்த தோளை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தாள். எப்படிப் போகுது என்று அவன் கேட்டான். ஆயிடுச்சு என்றாள்.

மேவிஸ் இரண்டாம் தரம் வந்து தேநீர் வேணுமா என்றாள். இப்பதான் குடிச்சேன் என்று பொய் சொன்னாள். ஹெட்லி ஒரு தரம் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். நோரீன் அவரைப் பார்த்து, சமாளிச்சுக்கறேன் என்று புன்னகை செய்தாள். அவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

மூன்று மணிக்குச் சற்று முன்னால் துணி மறுமுனையில் இறங்கியது. கை இரண்டும் தோளோடு கழன்றுவிடும் போல இருந்தது. இனிக் கம்பிதானே, அது பெரிய வேலை இல்லை என்று சிவப்பு நாடா சுற்றிய முதல் கம்பியை எடுத்துக்கொண்டு துணிக்கு அடியில் போனாள். கம்பியை மாட்டுகிற வளையம் எங்கே? தடவினாள். இல்லை. அந்த மூலையில் பார்த்தாள், இந்த மூலையில் பார்த்தாள். வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள். வளையங்கள் எல்லாம் வெளியே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஜன்னல் திரை மாட்டுகிற கொக்கிகளும் வெளியே. கதவு தப்பான பக்கத்தில். கூடாரத்தை உள்புறம் வெளிப்புறமாக மாட்டியிருந்தாள்.

அவள் திரும்பி வரிசையைப் பார்த்தாள். வரிசை முழுவதும் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"இது எப்பலேருந்து இப்படி இருக்கு?" என்று ஹெட்லியைக் கேட்டாள்.

ஹெட்லி தொப்பியைக் கழற்றினார். "முதல் ஒரு முழம் ஏறுறப்பவே நெனச்சேன்."

"ஏன் சொல்லல?"

"சமாளிச்சுக்கறேன்னு சொன்னீங்களேம்மா. நடுவுல போய் மூக்கை நுழைக்கிற மாதிரி ஆயிடுமேன்னு…"

வேறு எவளாக இருந்தாலும் கையிலிருந்த கம்பியாலேயே ஒன்று போட்டிருப்பாள். ரெண்டரை மணி நேரம் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டா உட்கார்ந்திருந்தீர்கள் என்று கேட்டிருப்பாள். நோரீன் என்ன சொன்னாள் தெரியுமா? மன்னிச்சுக்குங்க என்றாள். அவர்களை வெயிலில் உட்கார வைத்துவிட்டதற்காக! பிறகு முக்காலியை எடுத்துக்கொண்டு போய், மாட்டின துணியைத் திரும்ப உருவ ஆரம்பித்தாள்.

அரை கெஜம் வந்தது. கூரை வளைவில் சிக்கிக்கொண்டது. இழுத்தாள், வரவில்லை. தொங்கினாள், அப்போதும் வரவில்லை. கடலின் விளிம்பு கறுத்துக்கொண்டு வந்தது. முக்காலியிலிருந்து இறங்கிக் கேரவன் படியில் உட்கார்ந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை, அழக்கூடத் தெம்பு இல்லை. டெஸ்ஸிடம் போய் எப்படிச் சொல்வது என்பது ஒன்றுதான் மனசில் ஓடியது. ஆறு வருடம் கழித்து மூன்று மணி நேரம் கடல் காட்டியாயிற்று, கிளம்பு வீட்டுக்கு என்றா? மேவிஸ் வேலியருகே வந்து வாயைத் திறப்பதற்குள், ஒன்றும் இல்லை, ரெண்டு நிமிஷம், சமாளிச்சுக்கறேன் என்று கையை ஆட்டினாள்.

அப்போதுதான் கார் அலறியது.

சும்மா ஒரு தரம் அடிக்கிற ஹார்ன் இல்லை. நிற்கவே இல்லை. நோரீன் படியிலிருந்து துள்ளி எழுந்தாள். ஓடினாள். அவளுக்குப் பின்னால் ஹெட்லி, மேவிஸ், அந்த வரிசை மொத்தமும். டெஸ் பக்கத்து இருக்கையிலிருந்து ஓட்டுநர் பக்கமாகச் சரிந்து, நெற்றியை ஹார்ன் மேல் அழுத்திக் கிடந்தான். நோரீனும் ஹெட்லியும் ஆளுக்கொரு தோளைப் பிடித்து நிமிர்த்தினார்கள். சத்தம் நின்றது. நெற்றியில் வட்டமாக ஒரு சிவப்புத் தடம்.

"என்ன ஆச்சு டெஸ்? வலிக்குதா? மூச்சு முட்டுதா?"

"ஒண்ணும் ஆகல," என்றான். நோய் அவன் பேச்சையும் மெதுவாக்கியிருந்தது. ஒவ்வொரு வார்த்தையாகத் தள்ளித்தான் வரும். "கூப்பிட்டேன்."

"என்னைக் கூப்பிட இப்படியா? உயிரே போயிடுச்சு."

"உன்னை இல்ல. இவங்களை." அவன் ஹெட்லியைப் பார்த்தான். "ஐயா, அவளால முடியல. பதினோரு வருஷமா முடியல. கேட்டா முடியும்னு சொல்லுவா. நம்பாதீங்க."

"வாயை மூடு டெஸ்."

"நானும் அப்படித்தான் சொல்லிட்டிருந்தேன். அந்தப் படிவத்துக்காரிகிட்டயும் சொன்னேன். தப்பு."

நோரீனுக்கு முகம் காது வரை சிவந்துவிட்டது. இத்தனை பேர் நடுவில் ஜாக்கெட் பொத்தானைப் பிய்த்துவிட்ட மாதிரி இருந்தது. "ஊரைக் கூட்டி மானத்தை வாங்கிட்டியே," என்றாள்.

"போனா போகட்டும்." அவன் மூச்சு வாங்கிக்கொண்டான். பக்கக் கண்ணாடியை நோக்கித் தலையை அசைத்தான். அதில் கேரவன் முழுசாகத் தெரிந்தது. "ஒரு மணிக்கே பாத்துட்டேன், உள்பக்கம் வெளியே இருக்குன்னு. இருபத்திரண்டு வருஷம் காடி போட்டவனுக்குத் தெரியாதா?"

"நீயுமா? நீ ஏன் சொல்லல?"

"சொன்னா, உனக்குத் தெரிஞ்சா நீயே ஏறிச் செய்னு சொல்லுவ."

அவள் ஒரே ஒரு தரம் அப்படிச் சொல்லியிருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன், ஒரு பல்பு மாற்றும்போது. அவன் மறந்திருப்பான் என்று நினைத்திருந்தாள். அவள் மட்டும் மறந்தாளா என்ன, அன்றிலிருந்து அந்த விளக்கைப் போடும்போதெல்லாம் அது ஞாபகம் வரும். இப்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மேவிஸ் என்ன செய்வது என்று தெரியாமல் அவள் முதுகைத் தட்டிக்கொண்டே நின்றாள்.

அதற்குப் பிறகு பார்க்க வேண்டுமே. கூப்பிட்டாயிற்று என்று ஆனதும் எங்கள் ஜனங்களுக்கு எங்கிருந்துதான் அத்தனை வேகம் வருமோ! யாரோ ஏணி கொண்டுவந்தார்கள். யாரோ மரச்சாமான் துடைக்கிற ஸ்ப்ரேயைக் கொண்டுவந்து காடி முழுக்க அடித்தார்கள். டெஸ்ஸை நாற்காலியில் இறக்கிக் கேரவன் முன்னால் நிறுத்தினார்கள். அவன் ஹெட்லியைத் துணியை ஊட்டச் சொன்னான், எதிர்வரிசை இளைஞர் ஒருவரை இழுக்கச் சொன்னான். முரட்டுத்தனமாக இழுக்காதே, அவர் ஊட்டினால் தானாக வரும் என்று அதட்டினான். தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்தவர்களை அப்படித்தான் அதட்டுவானாம். துணி உருவி வந்தது, திரும்பி ஏறியது. சிவப்புக் கம்பி, மஞ்சள் கம்பி, நீலக் கம்பி. நாற்பது நிமிஷம். மழை நாலேகாலுக்கு வந்தபோது டெஸ் கூடாரத்துக்குள் நனையாமல் இருந்தான். மேடுபள்ளத்தில் ஒரு மூலை மட்டும் தரையைத் தொடாமல் நாலு விரல் தூக்கிக்கொண்டு நின்றது. மேவிஸ் தன் குளியல் துண்டைச் சுருட்டி அங்கே அடைத்தாள்.

மழை கூரையில் இரைந்தது. ஜன்னலில் சாம்பல் நிறத்தில் கடல். டெஸ் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் மரியாதையாகக் கழன்றுகொண்டார்கள். ஹெட்லியும் மேவிஸும் கடைசி. வாசல் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேவிஸ், "வேற ஏதாவது வேணுமா கண்ணு?" என்று கேட்டாள்.

"சமாளி…" என்று பாதி வந்துவிட்டது நோரீனுக்கு. டெஸ் திரும்பிப் பார்த்தான்.

"ஒரு மணி நேரம் இவர்கூட உக்காந்திருக்க முடியுமா?" என்றாள் நோரீன். அந்த வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு வியர்த்துவிட்டது. "நான் கொஞ்சம் தூங்கணும்."

மேவிஸ் அதற்குள் உட்கார்ந்தேவிட்டாள். ஹெட்லி தன் நாற்காலியைக் கொண்டுவர மழையில் ஓடினார்.

நோரீன் கேரவனுக்குள் ஏறி, செருப்பைக் கூடக் கழற்றாமல் பலகைக் கட்டிலில் சாய்ந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. அவருக்குத் தலைக்கு அணை இரண்டு வேண்டும், தண்ணீரை உறிஞ்சு குழலில்தான் கொடுக்க வேண்டும், இடது காலை அடிக்கடி நகர்த்தி வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும், மறந்துவிட்டாளே. எழுந்திருக்கப் பார்த்தாள். அப்போது டெஸ்ஸின் குரல் கேட்டது.

"அந்தக் குழலைக் குடுங்க. ஆங், அப்படித்தான். இந்தக் காலைக் கொஞ்சம் இப்படி நகத்துங்க."

தனக்கு என்ன வேண்டும் என்று அவனே சொல்வான் என்பது இத்தனை வருடத்தில் அவளுக்குத் தோன்றவே இல்லை. தலையை மறுபடி கீழே வைத்தாள். ஹெட்லி எந்தத் தொழிற்சாலை என்று விசாரிப்பதும், டெஸ் திருகாணிக் கணக்கைத் தொடங்குவதும் கேட்டது. பிறகு மேவிஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டு, அவங்க நல்லாத் தூங்கி எத்தனை நாளாச்சு என்று கேட்டாள்.

"தெரியலம்மா," என்றான் டெஸ். "நான் தூங்குறப்பவும் அவ முழிச்சிருப்பா. முழிச்சிருக்கறப்பவும் முழிச்சிருப்பா. அவ தூங்கி நான் பாத்ததே இல்ல."

அதைக் கேட்க நோரீன் விழித்திருக்கவில்லை.